அட்டை வளையாத கெட்டி நோட்டு: வீட்டிலேயே தைத்துக் கட்டும் முறை

என் மகளின் ஓவிய நோட்டுகள் எதுவும் இரண்டு மாதத்திற்கு மேல் தாங்கியதில்லை. கம்பிப் பின் கழன்று முதலில் நடுத்தாள்கள் உதிரும். பிறகு அட்டை ஓரிடத்திலும் தாள்கள் வேறிடத்திலுமாகக் கிடக்கும். கெட்டி அட்டை போட்டு நூலால் தைத்த நோட்டு ஒன்றை நாமே கட்டிவிடலாம் என்று இருவரும் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்தோம். தையல் முதல் முயற்சியிலேயே நன்றாக அமைந்தது. ஆனால் ஒட்டி வைத்த அட்டை மறுநாள் மாலைக்குள் படகுபோல் வளைந்து, மேசையில் வைத்தால் ஆடத் தொடங்கியது. பசையை மாற்றியும் கூடுதல் பாரம் ஏற்றியும் இரண்டாவது நோட்டுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. தவறு பசையில் இல்லை, தாளை நான் மடித்த திசையில் இருக்கிறது என்பது மூன்றாவது நோட்டின்போதுதான் பிடிபட்டது. ஆகவே இந்த விளக்கத்தில் அந்தப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருக்கும்.

தேவையானவை: ஏ3 அளவு வெள்ளைத் தாள் 4, அதே அளவில் சற்றுக் கனமான வண்ணத் தாள் 1, 2 மி.மீ. தடிமனுள்ள அட்டை, மேலுறைக்குத் துணி, மெழுகு தடவிய கெட்டி நூல், மழுங்கிய ஊசி, குத்தூசி, இரும்பு அளவுகோல், பி.வி.ஏ. எனப்படும் வெள்ளைப் பசை. குச்சிப் பசையையும் சூடாக்கி ஒட்டும் பசையையும் இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை. முன்னது சில மாதங்களில் விட்டுவிடும், பின்னது துணிக்கடியில் மேடுமேடாக உறைந்துவிடும். கத்திக்கு மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். அட்டை வெட்டுவதற்கு முன் புதிய அலகு மாட்டிக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் திசை. இயந்திரத்தில் தாள் உருவாகும்போது, கூழில் உள்ள நார்கள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. இதையே இழையோட்டம் என்கிறோம். ஈரம் பட்டால் நார் நீளவாக்கில் மிகக் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் பருக்கிறது. எனவே பசை தடவிய தாள் இழைக்குக் குறுக்கே விரிந்து, காயும்போது சுருங்கி, ஒட்டிய அட்டையையும் தன்னுடன் இழுத்து வளைக்கிறது. தாள், அட்டை, துணி ஆகிய மூன்றின் ஓட்டமும் நோட்டின் முதுகுக்கு இணையாக இருந்தால் இந்த இழுப்பு பெரிதும் அடங்கிவிடும். ஒன்று குறுக்காக அமைந்தாலும் அட்டை திருகிக்கொள்ளும், அல்லது முதுகை ஒட்டித் தாள் அலையலையாகச் சுருங்கும்.

ஓட்டத்தைக் கண்டறிவது எளிது. தாளை வெட்டாமல், மடிப்பு விழாமல், ஒரு முறை நீளவாக்கிலும் ஒரு முறை அகலவாக்கிலும் வளைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எந்த வளைவு குறைவாக எதிர்க்கிறதோ, அந்த வளைவின் முதுகு கிடக்கும் திசையே இழையோட்டம். ஐயமிருந்தால் ஒரு மூலையைக் கிழித்துப் பார்க்கலாம்: ஓட்டத்தின் வழியே நேராகவும், குறுக்கே கோணலாகவும் கிழியும். அட்டைக்கும் வளைத்துப் பார்க்கும் சோதனையே போதும். துணியில் கரைக்கு இணையாகச் செல்லும் பாவு நூலின் திசையை முதுகுக்கு இணையாக வையுங்கள்.

நான் இடறியது இங்கேதான். சாதாரண ஏ4 தாளில் ஓட்டம் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும்; அதை இரண்டாக மடித்தால் ஓட்டம் முதுகுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது. நீளவாக்கில் ஓட்டமுள்ள ஏ3 தாளை வாங்கி, அதன் 420 மி.மீ. பக்கத்தை நடுவில் வெட்டினால், கிடைக்கும் இரண்டு ஏ4 துண்டுகளிலும் ஓட்டம் 210 மி.மீ. பக்கத்திற்கு இணையாக அமையும். அவற்றை மடிக்கும்போது அந்த 210 மி.மீ. பக்கமே முதுகாகும். பட்டியலில் ஏ3 கேட்டதற்குக் காரணம் இதுதான்.

வெட்டிய 8 வெள்ளைத் தாள்களையும் 2 வண்ணத் தாள்களையும் தனித்தனியே மடித்து, வண்ணம் வெளியே வரும்படி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மடிப்பை அழுத்துவதற்கென்று எலும்புத் தகடு விற்கிறார்கள். கரண்டியின் முதுகு அதே வேலையைச் செய்யும். முதுகின்மீது 5 செ.மீ. அகலமும் 19 செ.மீ. நீளமும் உள்ள மெல்லிய துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு, உள்மடிப்பிலிருந்து 5 துளைகள் இடுங்கள்: நடுவில் ஒன்று, இரு முனைகளிலிருந்தும் 2 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று, இடைவெளிகளின் மையத்தில் ஒவ்வொன்று. பழைய தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து அதன் பள்ளத்தில் தாள்களை வைத்துக் குத்தினால் கையில் ஏறாது. குத்தூசியை நான் பிடித்துக்கொண்டேன். துளைகளுக்கு 1 முதல் 5 வரை எண்ணிடும் பொறுப்பை மகள் எடுத்துக்கொண்டாள்.

சுமார் 65 செ.மீ. நூலை எடுத்து, உள்ளிருந்து 3ஆம் துளை வழியே வெளியேறி, 2இல் உள்ளே, 1இல் வெளியே, மீண்டும் 2இல் உள்ளே வாருங்கள். அங்கிருந்து 3ஐத் தொடாமல் தாண்டி, 4இல் வெளியே, 5இல் உள்ளே, மீண்டும் 4இல் வெளியே, கடைசியாக 3இல் உள்ளே வர வேண்டும். நூலின் இரு முனைகளையும் நடுவில் ஓடும் நீண்ட தையலின் இருபுறமும் நிறுத்தி, அதன்மேல் முடிச்சிடுங்கள். நூலை மேல்நோக்கி இழுத்தால் துளை கிழியும். எப்போதும் முதுகின் வாக்கிலேயே இழுக்க வேண்டும்.

உள்தாள்கள் சற்றுத் துருத்தி நிற்கும் என்பதால், முன் ஓரத்தில் 2 மி.மீ. அளவுக்கு வெட்டிச் சமன் செய்தபின் அளவெடுங்கள். அட்டையின் உயரம் தாளின் உயரத்தைவிட 6 மி.மீ. கூடுதல், அகலம் தாளின் அகலத்தைவிட 3 மி.மீ. குறைவு. இரண்டு அட்டைகளுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டுத் துணியில் ஒட்டி, சுற்றிலும் 2 செ.மீ. துணி விடுங்கள். மூலைகளைச் சாய்வாக வெட்டும்போது அட்டையின் நுனியிலிருந்து 3 மி.மீ. துணி மிஞ்ச வேண்டும். ஒட்ட வெட்டினால் நுனி வெளியே தெரியும். மேலும் கீழும் முதலில் மடித்து ஒட்டுங்கள், பக்கங்கள் பிறகு.

தைத்த தாள்களை மேலுறைக்குள் நடுவாக வைத்து, முதல் வண்ணத் தாளுக்கடியில் மெழுகுத் தாளைச் செருகி, துணிப்பட்டையின் கீழும் மேலுமாக மெல்லிய பசை தடவி, அட்டையை அதன்மேல் மூடுங்கள். தாளைத் தூக்கி அட்டையில் ஒட்ட முயன்றால் இடம் பிசகும். நோட்டைத் திருப்பி மறுபுறமும் அப்படியே செய்து, ஓர் இரவு முழுவதும் பாரத்தின் கீழ் விட்டுவிடுங்கள். இடையில் திறந்து பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டில் இதுதான் கடினமான கட்டம்.

பின்சேர்க்கை: சிறிதாகிப்போன சட்டையின் துணியைப் பயன்படுத்திய ஒரு வாசகர், பசை துணியின் மேற்புறம் கறையாகக் கசிந்ததாக எழுதியிருந்தார். இது நான் சொல்ல மறந்தது. மெல்லிய பருத்தித் துணியின் பின்புறம், கெட்டியாகக் காய்ச்சிய மாவுப் பசையால் மெல்லிய தாள் ஒன்றை முன்கூட்டியே ஒட்டிக் காயவிட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தாளின் ஓட்டமும் பாவு நூலின் திசையிலேயே இருக்கட்டும். மாவுப் பசையில் நீர் மிகுதி என்பதால், அட்டை ஒட்டுவதற்கு அதையே பயன்படுத்த வேண்டாம்.

இன்னொருவருக்கு நோட்டு மூடாமல் வாய் திறந்தே நின்றிருக்கிறது. அவர் 10 தாளுக்குப் பதிலாக 16 தாள் செருகியிருக்கிறார். தாளைக் கூட்டினால் 12 மி.மீ. இடைவெளியையும் அந்தத் தடிமனுக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். தைத்த கட்டின் முதுகை அழுத்திப் பிடித்து அளந்து, அதனுடன் இருபுறமும் 5 மி.மீ. சேர்த்துக்கொண்டால் சரியாக இருக்கும்.