பவளப்பாறையில் முதல் டைவ்: ஓர் இடத்தில் மிதந்து நிற்கப் பழகுங்கள்

ஸ்கூபா டைவிங் போகப் போகிறேன் என்று சொல்பவர்கள் முதலில் கேட்பது சுறா இருக்குமா என்றுதான். நான் திருப்பிக் கேட்பேன்: எதையும் பிடிக்காமல், கையை ஆட்டாமல், தண்ணீருக்கு நடுவில் ஒரு நிமிடம் அப்படியே நிற்க முடியுமா உங்களால்? முடியும் என்றால் தாராளமாகப் பவளப்பாறைக்குப் போகலாம். முடியாது என்றால் முதல் நாளை மணல் தரையில் பழகச் செலவழியுங்கள், அந்த நாள் வீணாகாது.

எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. பயிற்சி முடித்த புதிதில், ஒரு கோமாளி மீனைப் பக்கத்தில் பார்க்கும் ஆசையில் சாய்ந்தபோது உடம்பு கீழே போவதை உணர்ந்து பதறிக் காலை உதைத்தேன், பின்னால் மான்கொம்பு மாதிரி கிளைத்திருந்த பவளத்தில் என் ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பட்டு விரல் நீளத்துக்கு ஒரு கிளை ஒடிந்து விழுந்தது. பவளம் கல் இல்லை. சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து சுண்ணாம்பால் கட்டிக்கொண்டே போகும் வீடு அது. பாறை போலத் திரண்டு வளரும் வகைகள் பல, வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். அந்த ஒடிந்த முனையின் வெள்ளை நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

சரி, மிதப்பு எப்படி வரும்? முதலில் எடை. பெரும்பாலான புதியவர்கள் மூழ்குவதற்கான ஈய எடையைத் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். அதைச் சமாளிக்கப் பிசிடி என்கிற, காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டில் நிறையக் காற்று அடைப்பார்கள், அந்தக் காற்று ஆழத்துக்கு ஏற்பச் சுருங்கி விரிந்து அவர்களை மேலும் கீழும் இழுக்கும். மேற்பரப்பில் பிசிடியைக் காலி செய்துவிட்டு, காலை ஆட்டாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து ஒரு நொடி நின்று பாருங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெதுவாக மூழ்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் என்றால் காற்று குறையக் குறைய அது லேசாகும், அதனால் நிரம்பிய சிலிண்டரோடு சோதிக்கும்போது ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். பயிற்சியாளரிடம் கேட்டு, பக்கத்தில் அவர் இருக்கும்போதே எடையைக் குறைத்துப் பாருங்கள்.

எடை சரியானால் மீதி வேலையை நுரையீரல் பார்த்துக்கொள்ளும். உள்ளே இழுத்தால் கொஞ்சம் எழும்புவீர்கள், வெளியே விட்டால் இறங்குவீர்கள். ஆனால் உடனே நடக்காது, ஓரிரு நொடி கழித்துத்தான் உடம்பு நகரும், இது தெரியாமல்தான் பலர் பிசிடி பொத்தானை மாற்றி மாற்றி அழுத்துகிறார்கள். முன்னால் ஒரு மேடு வருகிறதா? அது வரும் முன்பே நீளமாக மூச்சை இழுங்கள், தானாக ஏறிக் கடந்துவிடுவீர்கள். மூச்சை மட்டும் எப்போதும் அடக்காதீர்கள். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கே நிரப்பிய நுரையீரலை மூடிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்றும் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியலாம். ஸ்கூபாவின் முதல் விதி இதுதான்.

உடம்பைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, கைகளை மார்போடு கட்டிக்கொள்ளுங்கள். காலை மேலும் கீழும் அடிக்காமல் தவளை மாதிரி பக்கவாட்டில் உதைத்தால் மணல் கிளம்பாது. தொங்கும் குழாய்களையும் அளவுமானியையும் ஜாக்கெட்டில் மாட்டிவிடுங்கள், அவைதான் பவளத்தைச் சத்தமில்லாமல் சுரண்டும். கையால் பாறையைப் பிடிக்கும் எண்ணமே வேண்டாம். நெருப்புப் பவளம் தோலை எரிக்கும், கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும், அதன் முதுகு முள்ளில் கடும் விஷம்.

காதைப் பற்றி ஒன்று: வலி வந்த பிறகு காதின் அழுத்தத்தைச் சமன் செய்யப் பார்த்தால் தாமதம். தலை தண்ணீருக்குள் போனதிலிருந்தே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக்கொண்டே இறங்குங்கள், காது திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம்.

இதெல்லாம் கைவந்த பிறகுதான் பார்ப்பதற்கே நேரம் கிடைக்கும். முழுத் திட்டையும் ஒரே டைவில் சுற்றி வர நினைக்காமல், ஒரு பாறை முன் பத்து நிமிடம் மிதந்து பாருங்கள். கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் கறுக்முறுக் சத்தம் காதில் விழும், அது கழித்துப் போடும் பொடிதான் சுற்றியுள்ள வெள்ளை மணலில் ஒரு பங்கு. பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் நிற்க, சின்ன மீன் அதன் செவுளுக்குள் புகுந்து சுத்தம் செய்யும். ஆழம் கூடும்போது சிவப்பு நிறம்தான் முதலில் மறையும், அதனால் பகலிலும் ஒரு டார்ச் கொண்டுபோங்கள், பழுப்பாகத் தெரிந்த இடத்தில் ஒளி பட்டதும் சிவப்பு பொங்கும். டைட்டன் ட்ரிகர் என்கிற பெரிய கிளாத்தி மீன் முட்டையைக் காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் என்பதால் மேலே ஏறித் தப்பப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

காற்றளவை அடிக்கடி பாருங்கள். சிலிண்டரின் காற்றழுத்தம் 200 பாரில் (அழுத்த அலகு) தொடங்கினால் 100 வந்ததும் திரும்பவும், 50 மிச்சம் இருக்கும்போது மேற்பரப்பில் இருக்கவும் கணக்கு வையுங்கள். நீரோட்டம் இருந்தால் போகும்போது எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். மேலே ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தம், நீங்கள் பழகிய மிதப்பு நிஜமாகச் சோதிக்கப்படுவது இங்கேதான். அப்புறம் மேலே. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ் செய்திருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறாதீர்கள், ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை அதற்கேற்றபடி போடுங்கள்.