இடப்பக்கம் வளைய மறுத்த குதிரை

என் கத்தியவாரி இனக் குதிரை வலப்பக்க வட்டத்தில் இலகுவாக வளைந்தது. இடப்பக்கம் திருப்பினால் கழுத்தை வெளியே விறைத்துக்கொண்டு, தோளால் உள்ளே சரிந்தது. கடிவாளத்தை மாற்றினேன், மருத்துவரிடம் பற்களையும் முதுகையும் காட்டினேன், அந்தப் பக்கமே கூடுதலாகச் சுற்றவும் வைத்தேன். கூடுதல் சுற்றுகளால் விறைப்பு அதிகமாயிற்று. அது முழுக்க என் தவறு.

ஒரு நாள் சேணத்தைக் கழற்றியபோது, முதுகு முழுவதும் நனைந்திருக்க, இடத் தோளுக்குப் பின்னால் உள்ளங்கையளவு இடம் மட்டும் உலர்ந்திருந்தது. அதிக அழுத்தம் விழும் இடத்தில் பெரும்பாலும் இப்படி வியர்வை வராது. அங்கவடிகளை, அதாவது கால் வைக்கும் வளையங்களைத் தாங்கும் தோல் வார்கள் இரண்டும் ஒரே துளையில்தான் மாட்டப்பட்டிருந்தன. ஆனால் கழற்றி அருகருகே தொங்கவிட்டு அளந்தபோது, இடது வார் 2 செ.மீ. நீண்டிருந்தது. எப்போதும் இடப்புறமிருந்தே ஏறியதால் தோல் இழுபட்டு, அங்கவடியை எட்ட முயன்ற என் இடுப்பு அப்பக்கம் சரிந்து, சேணத்தையும் இழுத்திருக்கிறது.

புதிய வார்கள் போட்டேன். இப்போது மேடை வைத்து இருபுறமும் மாறிமாறி ஏறுகிறேன். வாரந்தோறும் வார்களை இடம் மாற்றுகிறேன். 20 மீட்டர் வட்டங்களை இருபக்கமும் சமமாக, நடையில் தொடங்கிச் செய்கிறேன். ஆறு வாரங்களில், இடப்பக்க வட்டத்திலும் கழுத்து தானாக உள்ளே வளைந்தது; வியர்வைத் தடமும் இருபுறமும் ஒத்திருந்தது.