குதிரை வாங்கியாச்சா? முதலில் நாடி பார்க்கப் பழகுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரைகள் சில சமயம் சல்லிசாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்கிக் கட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து எனக்குப் போன் போடுவார்கள். "அண்ணே, ரெண்டு நாளா சரியாத் திங்கல, என்ன கொடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாடி எத்தனை? அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

நான் டாக்டர் இல்லை. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன், செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அனுப்புவேன், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் பட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பக்கத்துக் கால்நடை டாக்டர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது மாடும் ஆடும். குதிரை என்றைக்கோ ஒன்று வரும். அதனால் உங்கள் குதிரை நன்றாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் போதும்.

முதல் வேலை: அளந்து எழுதி வையுங்கள்

விடியற்காலையில், தீனி போடுவதற்கு முன் பாருங்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் பார்த்தால் எல்லாமே ஏறித்தான் இருக்கும்.

காய்ச்சல் பார்க்க மெடிக்கலில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதில் ஒரு நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணி உலர்த்தும் கிளிப்பைக் கட்டி வால் முடியில் மாட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கீழே விழுந்து உடையும், அல்லது உள்ளே போய்விடும். நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, குதிரைக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒட்டி நின்று, ஆசனவாயில் வையுங்கள். 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி.

நாடிக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில் உள்பக்கமாக விரலை வைத்து மெல்லத் தடவினால், சணல் கயிறு மாதிரி ஒன்று விரலுக்கடியில் உருளும். அதுதான் ரத்தக் குழாய். கட்டை விரலை வைக்காதீர்கள், உங்கள் நாடியையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு 28 முதல் 44 வரை. மூச்சை விலாவைப் பார்த்து எண்ணலாம், நிமிடத்துக்கு 8 முதல் 16.

அப்புறம் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் திரும்ப இளஞ்சிவப்பாக வேண்டும். கடைசியாக விலாவுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் காதை வைத்துக் கேளுங்கள். குடல் கடமுடா என்று உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். எல்லாவற்றையும் லாயத்துச் சுவரில் தொங்கும் காலண்டரிலேயே கிறுக்கி வையுங்கள்.

குளம்பு

தினமும் நாலு காலையும் தூக்கிக் கொக்கியால் சுத்தம் செய்ய வேண்டும். குதிரையின் வால் பக்கம் பார்த்து நின்றுகொண்டு, குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுங்கள். நம் ஊர் சரளைக் கல் குளம்பின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். குளம்பின் அடியில் நடுவே அம்பு முனை மாதிரி மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறதே, ஐப்பசி கார்த்திகை மழையில் லாயம் சொதசொதவென்று கிடந்தால் அதன் ஓரத்தில் கறுப்பாக அழுகல் பிடிக்கும். பார்ப்பதற்கு முன் மூக்குக்கே தெரிந்துவிடும். தரையைக் காய வைப்பதுதான் முதல் மருந்து. லாடக்காரர் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். குளம்பு சுடுகிறது, முன்னங்காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கிறது என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அன்றைக்கே டாக்டர்.

தீனி

உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த தீவனம் கணக்கு. 300 கிலோ குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோ, அதைப் பல வேளையாகப் பிரித்துப் போடுங்கள். கொள்ளை ஊற வைத்துக் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஆனால் வெறும் தவிட்டை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, மாதக்கணக்கில் அதையே தின்றால் எலும்பிலிருக்கும் சுண்ணாம்பு கரைந்து முக எலும்பு வீங்கிவிடும். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடிகூட வேண்டாம். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும், மாட்டுக்கும் கோழிக்கும் ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத்தைக் கொன்றுவிடும்.

கடலைக்கொடியை உதறிப் போடுங்கள், பூஞ்சை பிடித்திருந்தால் தூர எறியுங்கள். தரையில் கொட்டினால் செம்மண்ணையும் சேர்த்து நக்கும். சந்தேகமாக இருந்தால் ஐந்தாறு உருண்டை லத்தியை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். நார் மேலே மிதக்கும், மண் அடியில் படியும். நான் முதல் முறை செய்தபோது அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சிவப்பாக நின்றது. அன்றைக்கே சிமெண்ட் தொட்டி கட்டினேன்.

ஊசி, பூச்சி மருந்து, பல்

இவை சுலபம், மறக்காமல் இருந்தால் போதும். டெட்டனஸ் குதிரைக்கு மிகச் சீக்கிரம் வரும், ஆணி குத்திய காயமே போதும். முதலில் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. வெறிநாய்க்கடி ஊசியும் ஆண்டுதோறும். குடற்புழு மருந்தை லத்தியைப் பரிசோதித்துவிட்டு டாக்டர் சொல்லும் அளவில் கொடுங்கள். வாயிலிருந்து பாதி மென்ற புல் உருண்டையாக விழுந்தால் பல் ஓரம் கூர்மையாகி இருக்கும், ராவிவிடச் சொல்லுங்கள்.

புதுக் குதிரை வாங்கும்போது கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. மூக்கில் புண்ணும் பிசுபிசுப்பான சளியும், தோலில் வரிசையாகக் கட்டிகளும் தெரிந்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்வது சட்டப்படியே கடமை. நன்றாகத் தின்றும் இளைக்கிறது, காய்ச்சல் வந்து வந்து போகிறது, காலும் அடிவயிறும் வீங்குகிறது என்றால் சர்ராவாக இருக்கலாம், கடிக்கும் ஈக்களால் பரவுவது. ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயிற்று வலி வந்தால்

தேவகோட்டையில் ஒரு கல்யாணம். ஊர்வலம் முடிந்து நான் சாப்பிடப் போன நேரத்தில் யாரோ பாசத்தில் ஒரு வாளி சோறும் ஒரு தட்டு கந்தரப்பமும் வைத்துவிட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு லாயத்தில் தட் தட்டென்று சத்தம். போய்ப் பார்த்தால் முன்னங்காலால் தரையைப் பறிக்கிறது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கிறது, மேலுதட்டைச் சுருட்டுகிறது, படுக்கிறது, எழுகிறது. சாயங்காலத்திலிருந்து லத்தியே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மூங்கில் குழாயில் நல்லெண்ணெயோடு வந்துவிட்டார். "மாட்டுக்கு ஊத்துறதுதானே தம்பி, ரெண்டு குழாய் ஊத்துனா எறங்கிரும்." வேண்டாம் ஐயா என்று கையைப் பிடித்துக்கொண்டேன். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடலாம், குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. டாக்டருக்குப் போன் போட்டு, நாடி 56, காய்ச்சல் 100, இடது பக்கம் குடல் சத்தம் இல்லை, லத்தி போட்டு ஐந்து மணி நேரமாகிறது என்றேன். "கிளம்பிட்டேன்" என்றார், அவ்வளவுதான்.

அவர் வரும்வரை செய்ய வேண்டியது: தீனியை எல்லாம் எடுத்துவிடுங்கள். புரண்டு உருளப் பார்த்தால் தலைக்கயிறைப் பிடித்துப் பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள், ஓட்டாதீர்கள். அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும். வலி மருந்தை நீங்களாகப் போடாதீர்கள், வலி அமுங்கிவிட்டால் டாக்டருக்கு எதுவும் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை நாடியை எண்ணுங்கள். 60ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மறுபடி போன் செய்யுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணும் போனில் இருக்கட்டும்.

டாக்டர் ஒரு மணிக்கு வந்து, ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு நாலு உருண்டை லத்தி விழுந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை, பெரியவர் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தார். இப்போதெல்லாம் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது ஒரு கட்டுப் புல்லும் சொந்த வாளியும் வண்டியில் ஏறிவிடும், நான் சாப்பிடப் போனால் பையன் ஒருத்தன் குதிரை பக்கத்திலேயே நிற்பான்.