லெபனான் உணவகத்தில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

ஒரே லெபனான் உணவகத்துக்கு ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார். அடுத்தவர் "காரமே இல்லை, அளவு குறைவு, விலை கொள்ளை" என்று ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறார். பெரும்பாலும் இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. முதலாமவர் ஐந்தாறு பேராகப் போய் பத்துத் தட்டை நடுவில் பரப்பியிருப்பார். இரண்டாமவர் தனியாகப் போய், பிரியாணி கேட்பதுபோல, கொண்டைக்கடலை விழுதான ஹம்மஸ் ஒரு தட்டு கேட்டிருப்பார். தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தையே சாப்பாடாக நினைத்தால் வயிறும் நிறையாது, மனதும் நிறையாது.

அந்த ஊர் விருந்தின் அடிப்படை மெஸ்ஸே: சின்னச் சின்னத் தட்டுகள், எல்லாம் பொது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் ஸஹ்லே நகரத்தின் பர்தவ்னி ஆற்றங்கரை உணவகங்கள் இதற்குப் பேர்போனவை. ஞாயிறு மதியம் அங்கே உட்கார்ந்தவர்கள் அவசரப்பட்டு எழுந்திருப்பதில்லை. பெய்ரூட்டிலோ துபாயிலோ சென்னையிலோ நீங்கள் சாப்பிடப் போகும் கடையின் மெனுவும் அந்த வழக்கத்தை ஒட்டித்தான் எழுதப்பட்டிருக்கும்.

நான்கு பேருக்கு இப்படிச் சொல்லலாம். ஆறிய வகையில் மூன்று: ஹம்மஸ், சுட்ட கத்திரிக்காயில் செய்த முத்தபல், கூடவே ரொட்டித் துண்டு போட்ட ஃபத்தூஷ் சாலட் அல்லது பச்சை இலை சாலட்டான தபூலே. சூடான வகையில் இரண்டு: உருளைக்கிழங்கில் செய்த பத்தாத்தா ஹர்ராவும், இறைச்சியும் உடைத்த கோதுமையும் சேர்த்துப் பொரித்த கிப்பேயும். கடைசியில் பலவகை இறைச்சியைச் சுட்டுத் தரும் கலவை கிரில் ஒன்று. இதுவே தாராளம். நான்கு பேருக்கு நான்கு கிரில் சொல்வதுதான் பில்லை ஏற்றிவிடும் முதல் தவறு. இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வது. அடுப்பு காலியாக இருந்தால் கிரில்தான் முந்திக்கொண்டு வரும். நீங்கள் ஹம்மஸைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கிரிலில் வந்த கொத்துக்கறி கஃப்தாவின் கொழுப்பு ஆறி, உறைந்து, நாக்கில் மெழுகுபோல ஒட்டும். "கிரிலை நாங்கள் சொன்ன பிறகு போடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பரிமாறுபவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தனியாகப் போனால் மெஸ்ஸே பக்கமே போகாதீர்கள். மதிய நேரத்தில் அன்றைய சாப்பாடு என்று ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். வெண்டைக்காயைத் தக்காளியில் வேகவைத்த பாமியே, கீரைக் குழம்பான முலூகியே போன்றவை சோற்றோடு வரும். வீட்டுச் சமையலுக்கு மிக நெருக்கமானதும், ஒரு ஆளுக்குக் கட்டுப்படியாவதும் அதுதான்.

கடையின் தரத்தை எடைபோட ஹம்மஸ் ஒன்றே போதும். நல்ல ஹம்மஸ் அறைச் சூட்டிலோ இளஞ்சூட்டிலோ வரும். நடுவில் கரண்டியால் குழித்து ஆலிவ் எண்ணெய் விட்டிருப்பார்கள். ரொட்டித் துண்டால் வழித்தால் மடிந்து வரவேண்டும், கட்டியாகப் பெயர்ந்து வரக்கூடாது. மேலே தோல்போல வறண்டு, விளிம்பு வெடித்திருந்தால் நேற்று அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்ததை அப்படியே எடுத்து வந்திருக்கிறார்கள். நறநறவென்று இருந்தால் கொண்டைக்கடலை வேகவில்லை. விரல் நுனியில் அழுத்தினாலே மசியும் அளவு வெந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வேகும்போது ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுவார்கள். அடித்தொண்டையில் கசந்தால் எள் விழுதான தஹினி பழசு. தண்ணீராகவும் வெறும் கடலை ருசியாகவும் இருந்தால் தஹினியில் கை இறுக்கிவிட்டார்கள். அங்கே விலை கூடிய பொருள் அதுதானே.

அடுத்து தபூலே. இது கொத்தமல்லி போலத் தெரியும் பார்ஸ்லி இலையின் சாலட். அவித்துக் காயவைத்து உடைத்த கோதுமை பேருக்குத்தான் இருக்கும். தட்டில் பச்சையைவிடக் கோதுமை அதிகம் தெரிந்தால் அது லெபனான் முறை இல்லை. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தால், கழுவிய இலையை உலர்த்தாமல் நறுக்கியிருப்பார்கள், அல்லது உப்பும் எலுமிச்சையும் சேர்த்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

கத்திரிக்காயில் ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. சுட்ட கத்திரிக்காயோடு தஹினி கலந்தது லெபனானில் முத்தபல். பாபா கனூஜ் என்றால் பெரும்பாலும் தக்காளி, வெங்காயம், மாதுளைப் பாகு சேர்ந்த சாலட். வெளிநாட்டுக் கடைகள் இரண்டையும் மாற்றி எழுதுவது சகஜம். எதில் தஹினி இருக்கிறது என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. இரண்டிலும் சுட்ட புகைவாசம் வரவேண்டும். வராவிட்டால் ஓவனில் வெந்த கத்திரிக்காய்.

காரம் இல்லை என்பது நம்மவர்களின் நிரந்தரப் புகார். அது குறையே அல்ல. அந்தச் சமையல் எலுமிச்சை, சுமாக் என்ற புளிப்புப் பழத் தூள், மாதுளைப் பாகு என்று புளிப்பில் நிற்பது. இறைச்சியில் பட்டையும் ஆல்ஸ்பைஸும் மணக்கும், மிளகாய் பின்னால்தான். காரம் வேண்டுமென்றால் உருளைக்கிழங்கைப் பூண்டு, கொத்தமல்லி, மிளகாயோடு புரட்டிய பத்தாத்தா ஹர்ரா கேளுங்கள். 'ஹர்ரா' என்ற சொல்லே காரத்தைத்தான் குறிக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மெனு முழுக்க இடம் உண்டு, பொறிகளும் உண்டு. திராட்சை இலைச் சுருளில் 'பி ஸெய்த்' என்று இருந்தால் எண்ணெயில் செய்தது, இறைச்சி கிடையாது, ஆறிப்போய் வரும். சூடாக வரும் சுருளில் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். பருப்பு சூப்பையும் சோற்றையும் கோழித் தண்ணீரில் வேகவைக்கும் கடைகள் இருக்கின்றன. கடலை வடை போன்ற ஃபலாஃபல் பொரிக்கும் எண்ணெயிலேயே, சமோசா போன்ற இறைச்சி சம்பூசக்கும் பொரியலாம். மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஷவர்மாவில் மட்டும் தாராளம் காட்டாதீர்கள். 2022 மே மாதம் காசர்கோட்டிலும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட மாணவிகள் இறந்தார்கள். கம்பியில் சுற்றிய இறைச்சி வெளிப்பக்கம்தான் வேகும்; உள்ளே பச்சைதான். கூட்டம் அதிகமானால் ஆள் அவசரத்தில் ஆழமாகச் சீவுகிறார், வேகாத அடுக்கும் சேர்ந்து விழுகிறது. கூட்டமே இல்லாவிட்டால் நெருப்பைக் குறைத்து அரைச் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிறுத்துகிறார்கள், கிருமிக்கு அது கொண்டாட்டம். ஆகவே கம்பி நேராகக் கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள். வெளிப்பக்கம் பழுப்பேறி, கொழுப்பு சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சீவியது மெல்லியதாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் கல்லில் போட்டு வாட்டித் தரச் சொல்லுங்கள். கோழியின் உள்சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொடவேண்டும் என்பது கணக்கு. வெள்ளைச் சாஸ் எது என்றும் கேளுங்கள். பூண்டுச் சாஸான அசல் தூம் என்பது பூண்டு, உப்பு, எண்ணெய், எலுமிச்சை மட்டும், முட்டையே கிடையாது. மலிவுக்காக அதில் மயோனைஸ் கலப்பதும் நடக்கிறது. பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்தது. பச்சை இறைச்சியை இடித்துத் தரும் கிப்பே நய்யேயும் மெனுவில் இருக்கலாம். அன்றைக்கு அறுத்த இறைச்சி என்று உறுதியாகத் தெரியாத கடையில் அதைத் தொடவேண்டாம். லெபனான்காரர்களே நம்பிக்கையான இடத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

அரக் குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கைத் தென்னஞ்சாராயத்தோடு இதற்குப் பெயர் ஒற்றுமைதான். இது திராட்சையில் வடித்து, சோம்பு மணம் ஏற்றியது. முதலில் ஒரு பங்கு அரக், பிறகு இரண்டு பங்கு தண்ணீர், கடைசியில்தான் பனிக்கட்டி. பனிக்கட்டியை முதலில் போட்டால் மேலே ஏடு படியும்.

பிறர் எழுதிய விமர்சனத்தைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எத்தனை பேர் போனார்கள், எந்த நேரம், எந்தத் தட்டு என்று பாருங்கள். "அளவு குறைவு" என்பவர் மெஸ்ஸேயைத் தனியாகச் சாப்பிட்டவராக இருக்கலாம். "ரொட்டி விறைத்திருந்தது" என்று மூன்று பேர் எழுதினால் நம்பலாம். இந்தச் சாப்பாட்டில் ரொட்டிதான் கரண்டி. ஒரே வாரத்தில் இரண்டு பேர் வயிற்றுப்போக்கு என்று எழுதியிருந்தால் வேறு கடை பாருங்கள்.

பில்லில் கவனிக்க வேண்டியது, நீங்கள் கேட்காமல் மேசைக்கு வந்த ஊறுகாய், கேரட், கொட்டை வகைகள். சில இடங்களில் அவை இலவசம், சில இடங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் ஏறும், உட்காரும்போதே கேட்டுவிடலாம். லெபனானிலேயே சாப்பிட்டால் 2019 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல கடைகளில் விலை டாலரில்தான் இருக்கும். சின்ன நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள், எழுதிய விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

காபிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லவேண்டும், சேர்த்தே கொதிக்கவைப்பார்கள்: சர்க்கரை இல்லாதது சாதா, நடுத்தரம் வஸத், இனிப்பு ஹில்வே. கோப்பை வந்ததும் இரண்டு நிமிடம் அசைக்காமல் விடுங்கள், தூள் அடியில் இறங்கட்டும். கடைசி வாயைக் கோப்பையிலேயே விட்டுவிடுங்கள்.