முடி நடப் போகிறீர்களா? டாக்டரைத் தேடுவதிலிருந்து தலை குளிப்பது வரை

நான் முடி நட்டு பதினான்கு மாதம் ஆகிறது. நாகர்கோவிலில் இருந்தும் மார்த்தாண்டத்தில் இருந்தும் தெரிந்த பையன்கள் கூப்பிட்டு ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். எஃப்.யு.இ. என்பது பின்னந்தலையில் இருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் துளை போட்டு நடும் முறை. வழுக்கை ஏன் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

படி 1: துளை போடப்போவது யார்?

முதலில் போன இடத்தில் என்னிடம் பேசியவர் டாக்டரே இல்லை. பத்து நிமிடத்தில் 3500 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) என்று எழுதிக்கொடுத்து, இன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். என் பின்னந்தலையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பின்னந்தலையில் எடுத்த வேர் அங்கே மறுபடி முளைக்காது. இருப்பு அவ்வளவுதான். 25 வயதில் நெற்றியை அடர்த்தியாக நிரப்பிவிட்டு, 40 வயதில் உச்சி காலியானால் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. நான் கடைசியில் போன திருவனந்தபுரத்து டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் எந்த வயதில் முடி போனது என்று கேட்டார். ஆறு மாதம் மருந்து எடுத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு நட்டது 1800 கிராஃப்ட்.

நேராகவே கேளுங்கள்: மரத்துப்போகும் ஊசி யார் போடுவார்? துளை யார் போடுவார்? முடியும் வரை நீங்கள் அறையில் இருப்பீர்களா? அன்றைக்கு இன்னும் எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் தந்த வழிகாட்டுதலின்படி இது பிளாஸ்டிக் சர்ஜனோ, முறையான பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோ செய்ய வேண்டிய வேலை. பதிவு எண்ணை வாங்கி மருத்துவக் கவுன்சில் தளத்தில் பாருங்கள். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவரே பிறகு இறந்துபோனார். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

படி 2: நாள் குறிப்பது

ஆனி, ஆடி வேண்டாம். மழை ஒருபக்கம், ஆரல்வாய்மொழிக் காற்று தூக்கிவரும் மண் ஒருபக்கம். திரும்பி வரக் காரும் கூட ஒரு ஆளும் வேண்டும்.

படி 3: முதல் ஐந்து இரவு

தலையை உயர்த்தி, மல்லாந்து தூங்க வேண்டும். தலையணையை அடுக்கினால் சரிந்துவிடும். பயணத்துக்குக் கழுத்தில் மாட்டும் தலையணைதான் என் தேர்வு. சலைன் (உப்புநீர்) தெளிக்க, பனிபோல விழும் ஸ்பிரே பாட்டில் வாங்குங்கள். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, நான்காம் நாள் கண் இமைக்கு இறங்கும். பயம் வேண்டாம், வடிந்துவிடும். காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி என்றால் மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

படி 4: தலை குளிப்பது

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். மூன்றாம் நாளில் இருந்து தினமும் கழுவச் சொல்லியிருந்தார்கள். நட்டது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்ற பயத்தில் நான் வெறுமனே தண்ணீர் தெளித்துவிட்டு இருந்துவிட்டேன். பத்தாம் நாள் பொருக்கு தடித்து ஓடு மாதிரி ஆகி, அடியில் அரிப்பு தாங்கவில்லை. சலைனில் அரைமணி நேரம் ஊறவைத்து ஊறவைத்து, அதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று.

சரியான முறை: குழந்தைகள் ஷாம்பூவை மக்கில் கலக்கி நுரையாக்குங்கள். நுரையை மட்டும் அள்ளித் தலையில் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஷவர் இல்லாமல், மக்கால் தாழ்வாக ஊற்றுங்கள். துவர்த்தால் துடைக்கக் கூடாது, தானே காயட்டும். ஒரு வாரம் ஆனபின் விரல் நுனியின் சதையால், நகம் படாமல், மெதுவாக வட்டம் போட்டுத் தேயுங்கள். பத்து, பன்னிரண்டு நாளில் பொருக்கு முழுக்கப் போய்விட வேண்டும். பொருக்கோடு சேர்ந்து முடியும் வரும். வேர் உள்ளேதான் இருக்கிறது. ரத்தம் கசிந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எங்கம்மை காய்ச்சிய எண்ணெயோடு வந்து நின்றாள். நல்ல மனசுதான், ஆனாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை எண்ணெய் கிடையாது. குளம், கடல், திற்பரப்பு அருவி எல்லாம் ஒரு மாதம் கழித்து.

படி 5: காத்திருப்பது

இரண்டாவது வாரத்துக்கு மேல் நட்ட முடி பெரும்பாலும் உதிரும். மூன்று, நான்கு மாதத்தில் பூனைமுடி போல வரும். முழுப் பலன் தெரிய ஒரு வருடம்.

பிறகு சேர்த்தது: ஹெல்மெட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். என் டாக்டர் இரண்டு வாரம் பைக்கே தொடாதே என்றார். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது அதற்கு வழி அல்ல. நான் அந்த இரண்டு வாரமும் தக்கலைக்கு வேலைக்குப் பஸ்ஸில் போனேன், ஜன்னல் ஓரம் உட்காராமல், தளர்வான துணித்தொப்பி போட்டுக்கொண்டு. கம்பியில் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.