இராணுவம் உண்மையில் மாறுகிறதா? யாழ்ப்பாணத்தில் இருந்து கவனிப்பது எப்படி

படையைக் குறைக்கிறோம், நவீனமாக்குகிறோம் என்று கொழும்பில் இருந்து அறிவிப்பு வந்தால் இங்கே பாதிப்பேர் "சும்மா கதை" என்பார்கள், மீதிப்பேர் அடுத்த மாதமே முகாம் எழும்பிவிடும் என்று காத்திருப்பார்கள். இரண்டும் வேண்டாம். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நாங்களே கணக்குப் பார்க்கலாம்.

முதலில் ஆட்பலம். 2023 ஜனவரியில் அரசு சொன்னது இது: அப்போது 200,783 ஆக இருந்த இராணுவத்தின் ஆட்பலம் அடுத்த வருடத்துக்குள் 135,000 ஆகும், 2030இல் 100,000 ஆகும். இந்த மூன்று எண்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் வரவு செலவுத் திட்டம் வரும்போது பாதுகாப்பு அமைச்சுக்கு மொத்தம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், அதில் மீண்டெழும் செலவினம் எவ்வளவு, கருவி, கட்டடம் போன்றவற்றுக்கான மூலதனச் செலவினம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். சம்பளம், சாப்பாடு, உடுப்பு எல்லாம் முதல் பிரிவுக்குள் வரும், பெரும் பங்கும் அங்கேதான் போகிறது. ஆள் குறையாமல் புதுக் கருவி வாங்கவும் பயிற்சி கொடுக்கவும் காசு எங்கே இருந்து வரும்? நவீனமாக்கல் என்ற சொல்லை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் சோதிப்பேன்.

அடுத்தது, யார் சேர்கிறார்கள், எந்த மொழியில் வேலை நடக்கிறது என்பது. இலங்கை இராணுவம் 1949இல் தொடங்கியது, 1955இல் அதற்குத் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். சமூகம் பிளந்தபோது படையும் சிங்களப் பக்கம் சாய்ந்தது, அதைத் திருப்புவது ஒரு உத்தரவால் மட்டும் முடியாது. அமெரிக்காவில் ஜனாதிபதி ட்ரூமன் 1948இல் படைக்குள் இனப் பாகுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார், ஆனாலும் கொரியப் போர் தொடங்கியபோதும் கறுப்பினத்தவருக்குத் தனி அணிகள் இருந்தன. ஆகவே அறிவிப்பைவிட நடைமுறையைப் பாருங்கள்: வாசலில் நிற்பவர் தமிழில் கேட்கிறாரா, நிரப்பத் தரும் படிவம் தமிழில் இருக்கிறதா. 1987இல் இருந்து தமிழும் அரச கரும மொழி.

மூன்றாவது காணி, எங்களுக்கு இதுதான் பெரிது. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் இடம்பெயர்ந்தது, காணி படையினர் வசம் போனது. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் 27 வருடம் கழித்து 2017 ஜூலையில்தான் சனத்தின் கைக்கு வந்தது. பெரியம்மாவின் காணியைப் பார்க்கப் போனபோது முள்வேலி பின்னுக்குத் தள்ளிப் போடப்பட்டிருந்தது, ஆனால் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம். பழைய வேலிக் கட்டையின் அடி மண்ணுக்குள் அப்படியே கிடந்தது, பெரியம்மா அதைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றுதான் விளங்கியது, "விடுவிப்பு" என்ற சொல்லை ஏக்கரில் கேட்டால் போதாது, வேலி எங்கே நிற்கிறது என்றும் கேட்க வேண்டும்.

அதைக் கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வியை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "முகாமில் எத்தனை பேர்" என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று மறுத்துவிடலாம். அதற்குப் பதிலாகப் பிரதேச செயலகத்திடம், இந்தக் கிராம அலுவலர் பிரிவில் படையினர் வசம் உள்ள தனியார் காணி எத்தனை ஏக்கர், இன்ன வருடத்தில் எத்தனை ஏக்கர் உரியவர்களிடம் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒரு கடிதத்தில் இரண்டு மூன்று கேள்வி போதும், கூடினால் இழுத்தடிப்பார்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள், பதில் வந்த உறையையும் எறிந்துவிடாதீர்கள், முறையீட்டுக்கு நாள் எண்ணும்போது அதில் உள்ள தபால் முத்திரை கைகொடுக்கும்.