ஐந்து நிமிடப் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது? வேலைக்கு ஆயத்தமாகும் இளையோருக்கான நுண்கற்றல் வடிவமைப்பு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவர், பகலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகே ஒரு கடையில் நின்றுவிட்டு மாலையில் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர், தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே நேர்முகத் தேர்வுக்குத் தயங்குகிறவர் ஆகிய மூவருக்கும் பொதுவாக இருப்பவை, கைத்தொலைபேசியும் பேருந்திலும் கடை ஓய்விலும் துண்டுதுண்டாகக் கிடைக்கும் நேரமுமே. அந்த நேரத்துக்குள் ஒரு வேலைத்திறனை உண்மையாகவே வளர்க்கக்கூடிய சிறு பாடங்களை, அதாவது நுண்கற்றல் அலகுகளை, எவ்வாறு வடிவமைப்பது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிட விரிவுரை ஒன்றை எட்டுத் துண்டுகளாக வெட்டி, நாளுக்கு ஒன்றாக வட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். மூன்றாவது துண்டுக்குப் பிறகு பெரும்பாலானோர் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டும் முந்தையதை நம்பியே நின்றது; எதைப் பார்த்து முடித்தாலும் மறுநாள் வேலையில் செய்து பார்ப்பதற்கென்று ஒன்றும் கிடைக்கவில்லை. பாடத்தை வெட்டிச் சிறிதாக்குவது வேறு, சிறிய வேலையொன்றுக்குப் பாடம் எழுதுவது வேறு என்பதை அதன் பின்னரே விளங்கிக்கொண்டேன்.

ஆகவே தொடக்கப் புள்ளி தலைப்பு அல்ல, செயல். “இப்பாடத்தை முடித்தவர் நாளைக் காலை என்ன செய்வார்?” என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் விடை எழுதுங்கள். அவ்வாக்கியம் “அறிவார்”, “புரிந்துகொள்வார்” என்று முடிந்தால் அதை அழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள். எதிர்காலத் திறன்கள் என்று பேசப்படுபவை எல்லாம் பெரிய சொற்களாக இருப்பதால் இந்தப் படி இன்னும் அவசியமாகிறது. உலகப் பொருளாதார மன்றம் 2025 இல் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கையில், பத்துத் தொழில்தருநர்களில் ஏறத்தாழ ஏழு பேர் பகுப்பாய்வுச் சிந்தனையை இன்றியமையாத திறனாகக் கருதினர். ஆனால் “பகுப்பாய்வுச் சிந்தனை” என்ற பெயரில் ஐந்து நிமிடப் பாடம் எழுத முடியாது. “செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த பதிலை வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன், அதிலுள்ள கணக்கையும் வாக்குறுதியையும் கடையின் தகவலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்” என்று எழுதினால் முடியும்.

அந்த ஓர் அலகைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பனங்கட்டி விற்கும் சிறு கடையொன்றுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “தம்பி, பன்னிரண்டு பக்கற் வேணும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் கொழும்புக்கு வந்து சேருமோ? எல்லாமா எவ்வளவு?” அதன் கீழே கடையின் தகவல் தரப்படுகிறது: ஒரு பக்கற் 650 ரூபா, அனுப்புகூலி 450 ரூபா. அதற்கும் கீழே, செயற்கை நுண்ணறிவுச் செயலி தயாரித்த அழகான பதில்: “மொத்தம் 8,350 ரூபா. சனிக்கிழமை மாலைக்குள் உங்கள் வீட்டுக்கே வந்து சேரும்.” கற்பவரிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: இதை அனுப்பலாமா? பன்னிரண்டு பக்கற்றின் விலை 7,800, கூலியோடு 8,250 என்பதைப் பலர் கணக்கிட்டுப் பிடித்துவிடுவர். சனிக்கிழமை என்ற வாக்குறுதி கடையின் தகவலில் எங்குமே இல்லை என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. இந்த அலகின் உயிர் அங்கேதான் இருக்கிறது. விடையைத் தெரிவு செய்தவுடன் “சரி”, “பிழை” என்று மட்டும் காட்டாமல், அந்தப் பொய்யான வாக்குறுதியால் திங்கட்கிழமை கடைக்கு வரக்கூடிய தொலைபேசி அழைப்பை இரண்டு வரியில் காட்டுங்கள். பிறகு திருத்திய பதிலைக் கற்பவரே தட்டெழுதட்டும்.

இங்கே விளக்கத்துக்கு முன்பாகவே கேள்வி வருவதைக் கவனித்திருப்பீர்கள். நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முயல்வதே கற்றலை உறுதியாக்குகிறது. உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே பகுதியை நான்கு அமர்வுகளில் வாசித்த மாணவர்கள் ஒரு வாரத்தின் பின் நூற்றுக்கு 40 பங்கையே நினைவுகூர்ந்தனர். ஓர் அமர்வில் வாசித்துவிட்டு மூன்று அமர்வுகளில் தம்மைச் சோதித்துக்கொண்டவர்கள் 61 பங்கை நினைவுகூர்ந்தனர். ஐந்தே நிமிடத்தின் பின் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தனர் என்பதையும் மறக்கக்கூடாது. பாடம் முடிந்த கையோடு வைக்கும் வினாவில் எல்லோரும் முழுப் புள்ளி எடுப்பதைக் கண்டு நாம் ஏமாந்துவிடுவது இதனால்தான்.

ஆகவே ஒவ்வோர் அலகுக்கும் திரும்பி வரும் நாள்களையும் சேர்த்தே திட்டமிடுங்கள். மறதியின் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885 இலேயே தம்மைத்தாமே சோதித்து எழுதிவிட்டார். நான் பின்பற்றுவது மூன்றாம், எட்டாம், இருபத்தோராம் நாள்கள். அதே கேள்வியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பனங்கட்டிக்குப் பதில் தையல் கடை, விலைக்குப் பதில் அளவு என்று சூழலை மாற்றி, திறனை மட்டும் அப்படியே வைத்திருங்கள்.

காணொளி தேவையா என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் பதிந்த மூன்று நிமிடக் காணொளி ஏறக்குறைய 11 மெகாபைட் ஆகும். அதே மூன்று நிமிடத்தைக் குரற்பதிவாக 32 கிலோபிட்டில் அனுப்பினால் ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. டேட்டாவை நாள் கணக்கில் வாங்கிப் பயன்படுத்தும் பிள்ளைக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. கை அசைவைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காணொளி போதும். மற்ற இடங்களில் படமும் குரலும் எழுத்துமே நன்றாக வேலை செய்யும். ஊடாடும் வினாக்களைச் செய்ய எச்5பி என்ற இலவசக் கருவி உதவும். இணையம் தளம்பும் இடங்களுக்கு, இணைப்பின்றியே இயங்கும் கொலிப்ரி என்ற கற்றல் தளத்தை ஒரு கணினியில் நிறுவி, பயிற்சி நிலையத்தின் வைஃபை வழியாகப் பகிரலாம். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய பாடக்குறிப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் ஒட்டிவிடாதீர்கள். தொலைபேசித் திரையில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. விளக்கம் தமிழில் இருக்கட்டும்; ஆனால் விரிதாளில் அழுத்த வேண்டிய பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே காட்டுங்கள். தூய மொழிபெயர்ப்பை மட்டும் கற்றவர் வேலைத்தலத்தில் அந்தப் பொத்தானைத் தேடித் தவிப்பார்.

அலகை வெளியிடுவதற்கு முன் மூன்று இளையோரிடம் கொடுத்து, அவர்கள் செய்வதை அருகிலிருந்து, வாய் திறக்காமல் பாருங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே கேள்வியைத் திருத்துங்கள். வெளியிட்டபின் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், மூன்று வாரம் கழித்து அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், அண்மையில் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பதில் ஒன்றை அவர்களின் சம்மதத்தோடு வாங்கிப் பாருங்கள். உறுதியில்லாத வாக்குறுதி அதில் இன்னமும் இருந்தால், அடுத்த அலகை எழுதாமல் இதையே திரும்ப எழுதுங்கள்.